மறுபத்தியம்

அன்று காற்று எந்தப் பக்கமிருந்து வீசியது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மேற்கிலிருந்து வரும் கச்சான் என்று ஒருமுறை எழுதி அடித்துவிட்டேன். வாடை என்று எழுதினால் மாதம் தப்பாகிவிடுகிறது. எனக்கு இதைச் சொன்ன மூன்று பேரும் அந்த மருத்துவமனை அறையில் இருந்தவர்கள்தான். ஒருவர் சொன்னதில் ஜன்னல் திறந்திருந்தது. இன்னொருவர் அந்த அறைக்கு ஜன்னலே கிடையாது என்று சாதித்தார். நானே போய்ப் பார்த்தேன். ஜன்னல் இருந்தது, திறக்கிற ஜன்னலா என்று பார்க்க மறந்துவிட்டேன். அதனால் காற்றையும் ஜன்னலையும் பற்றி நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். உப்பைப் பற்றி மட்டும் சந்தேகமில்லை. மூன்று பேரும் அதை ஒரே மாதிரிதான் சொன்னார்கள்.

தருவைக்கரை ஊருக்கு வெளியே, உப்பளங்கள் முடிந்து கடல் தொடங்குகிற இடத்தில் அந்த இணை மருத்துவமனை இருந்தது. ஒரே கூரையின் கீழ் இரண்டு வைத்தியம். இடதுபுறத்து அறையில் சித்த மருத்துவர் அமலதாசன். வலதுபுறத்து அறையில் ஆங்கில மருத்துவம் பார்க்கும் டாக்டர் ரெங்கநாயகி. இரண்டுக்கும் நடுவில் ஒரு கண்ணாடி அறை. நிழல்கள் அங்கேதான் இருந்தன.

அமலதாசன் பேசுவது குறைவு. நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார், தனியாள். சாப்பிடும்போது புத்தகம் படிப்பார். படித்துக்கொண்டிருக்கும்போதே புத்தகத்தை மறந்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். ரெங்கநாயகி மதுரைக்காரர். வாயை மூடிக்கொண்டு ஒரு டீ குடிக்க அவரால் முடியாது. "என்ன சித்தரே, தவம் கலைஞ்சுதா?" என்று கேட்டபடிதான் காலையில் உள்ளே வருவார். அமலதாசன் மேசை இழுப்பறையைச் சாத்திவிட்டுத் தலையை மட்டும் அசைப்பார். அவருக்கு ரெங்கநாயகியைப் பிடிக்கும். அதைச் சொல்ல வேண்டிய அவசியம் வந்ததில்லை.

சேர்மக்கனி முதன்முதலாக வந்த நாளில் அந்தக் கண்ணாடி அறையில் நடந்ததைக் கேட்டால் நிழல் என்பது என்னவென்று புரிந்துவிடும். சேர்மக்கனி உப்பளத்தில் கங்காணி. ஐம்பது வயது தாண்டியவள். ஒரு அளம் முழுக்க அவள் குரலுக்குக் கட்டுப்பட்டிருந்தது. முழங்கையிலிருந்து முதுகு வரை தோல் மீன் செதில் போல உதிர்ந்துகொண்டிருந்தது. உப்புத் தண்ணீர் பட்டால் எரியும் என்பதால் வேலைக்குப் போக முடியவில்லை. அவளோடு கணவர் லிங்கதுரையும் வந்திருந்தார். அவர் பேச வேண்டியதையும் சேர்த்து அவளே பேசிவிடுவாள்.

கண்ணாடி அறையில் ஆள் உயரத்துக்கு ஒரு வெளிச்ச உருவம் எழுந்து நின்றது. உள்ளே இதயம் துடித்தது, நரம்புகள் ஓடின.

"இது யாரு?" என்றாள் சேர்மக்கனி.

"நீங்கதாம்மா" என்றார் ரெங்கநாயகி. "உங்க உடம்போட நிழல். கையில கட்டியிருக்கோம்ல, அந்தப் பட்டி உங்க நாடி, மூச்சு, வேர்வை, தூக்கம் எல்லாத்தையும் படிச்சுப் படிச்சு இதைக் கட்டுது. உங்களுக்கு என்ன ஆகுதோ அது இதுக்கும் ஆகும்."

"சேலை கட்டாதோ?"

"உள்ள இருக்கிறத மட்டுந்தான் காட்டும்."

"அப்பம் முதல்ல ஒரு துண்டை எடுத்து அதுமேல போடுங்க. ஆம்பளைய நிக்காவல்லா."

லிங்கதுரை வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். ரெங்கநாயகிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"இதை வச்சு என்ன செய்வியோ?"

"உங்களுக்குக் குடுக்கப்போற மருந்தை முதல்ல இதுக்குக் குடுப்போம். நாலு மாசம் சாப்பிட்டா என்ன ஆகும்னு ஒரு டீ குடிக்கிற நேரத்துல சாப்பிட்டுப் பார்த்துச் சொல்லிரும். நான் குடுக்கிற மாத்திரை இவர் குடுக்கிற சூரணத்தோட சண்டை போட்டா, சண்டை இதுக்குள்ளயே முடிஞ்சிரும். உங்களுக்கு வராது."

"ஐயா மருந்தையும் இது சாப்பிடுமா?"

"சாப்பிடும். முகத்தைக்கூடச் சுளிக்காது."

நிழல் வருவதற்கு முன்பு இந்த இரண்டு வைத்தியங்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளாமல் இருந்தன. ஊரார் இரண்டையும் பார்த்தார்கள், ஆனால் திருட்டுத்தனமாக. ஆங்கில டாக்டரிடம் சூரணத்தைப் பற்றி மூச்சு விடமாட்டார்கள், திட்டுவார். வைத்தியரிடம் மாத்திரையைப் பற்றிச் சொல்லமாட்டார்கள், வருத்தப்படுவார். இரண்டையும் வாங்கி வீட்டில் வைத்துத் தாங்களாகவே கூட்டியும் குறைத்தும் சாப்பிட்டுச் சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொண்டவர்கள் ஏராளம். நிழல் வந்த பிறகு யாரும் யாருக்கும் எதையும் சொல்ல வேண்டியதில்லை. உடம்பில் இருப்பது நிழலில் தெரியும். மருத்துவமனைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்கள்: 'நோயாளி மறப்பார், மறைப்பார். நிழல் இரண்டும் செய்யாது.'

அந்த வாசகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அமலதாசனுக்கு நெஞ்சுக்குள் ஏதோ உரசும். அது பொய்யில்லை, அவரும் அதனால் பயனடைந்தவர்தான். அவருடைய மருந்துகளைச் சந்தேகத்தோடு பார்த்தவர்கள் இப்போது நிழலைப் பார்த்துவிட்டு வாயடைத்துப் போனார்கள். ஆனால் முன்பெல்லாம் அவர் நாடி பார்ப்பார். நோயாளியின் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருப்பார். நாடியில் தெரிந்தது பாதி. மீதி, அந்த மௌனத்தைத் தாங்கமுடியாமல் நோயாளியே சொன்னது. இப்போது மணிக்கட்டில் பட்டி இருந்தது. கேட்பதற்கு ஒன்றும் மிச்சமில்லாததால் நோயாளிகள் சீக்கிரமாக வந்து சீக்கிரமாகப் போனார்கள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தைக்கூட மூடிவிட்டு அந்த அறையில் கட்டில்களைப் போட்டுவிட்டார்கள்.

சேர்மக்கனியின் தோல் விஷயத்தில் இணை மருத்துவம் பிரமாதமாக வென்றது. அமலதாசன் பறங்கிப்பட்டைச் சூரணமும் மேலுக்கு வெட்பாலைத் தைலமும் கொடுத்தார். உப்பில்லாப் பத்தியம் வைத்தார். அரிப்பு தாங்காத தொடக்க வாரங்களுக்கு ரெங்கநாயகி ஒரு களிம்பைச் சேர்த்தார். இரண்டும் நிழலில் கைகோத்து நடந்தன. சேர்மக்கனி அளத்துக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தாள். செதில் உதிர்ந்து, சிவந்து, பிறகு ஒருநாள் முழங்கையில் பழைய தோல் வந்தது. அவள் அதை ரெங்கநாயகியின் கையோடு ஒட்டிவைத்து, "யாரு கலரு நல்லாருக்கு, சொல்லுங்க" என்று கேட்டாள்.

அன்றே அமலதாசன் மருந்தை நிறுத்தினார்.

"மருந்து போதும். வேலைக்குப் போகலாம். மறுபத்தியம் இருந்துக்கிடுங்க."

மருந்து சாப்பிட்ட காலம் எவ்வளவோ, மருந்தை நிறுத்திய பின்னும் அவ்வளவு காலம் பத்தியத்தைத் தொடர்வது மறுபத்தியம். படித்த காலத்திலிருந்து அமலதாசன் அதை எல்லா நோயாளிக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் இருந்ததில்லை. மருந்து நின்ற மறுநாளே கருவாட்டுக் குழம்புக்குப் போய்விடுவார்கள். அதனால் போய்வாருங்கள் என்று சொல்வதைப் போல அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்தது. மருந்து நின்றுவிட்டது என்று நிழலுக்குச் சொன்னார். பத்தியத்துக்காக ஒன்றைச் சாப்பிடாமல் இருப்பதைச் சொல்ல நிழலில் இடம் கிடையாது. அவரும் அதை யோசிக்கவில்லை.

தோல் சரியானதும் ரெங்கநாயகி பிரஷரைக் கையில் எடுத்தார். அது நெடுநாளாக உயர்ந்தே இருந்தது. உடம்பின் உப்பையும் நீரையும் சிறுநீரில் வெளியேற்றுகிற மாத்திரை ஒன்றை நிழலுக்குக் கொடுத்தார். நிழல் அதை விழுங்கிவிட்டு, பிரஷர் இறங்கி, சுகமாக நின்றது. சேர்மக்கனிக்கும் எழுதிக்கொடுத்தார்.

சில வாரங்கள் கழித்து ஒரு முற்பகலில் உப்பு மூட்டை ஏற்றுகிற குட்டியானை வண்டி மருத்துவமனை வாசலில் வந்து நின்றது. வெறும் சாக்குகளின் மேல் சேர்மக்கனி கிடந்தாள். லிங்கதுரை அவள் தலையைத் தாங்கிக்கொண்டிருந்தார்.

"அளத்துல நின்னவா அப்படியே சரிஞ்சிட்டா. என்னையப் பாத்து நீ யாரு, எந்த அளத்து ஆளுன்னு கேக்கா."

கட்டிலில் போட்டதும் அவள் கண்ணைத் திறந்தாள். "பாத்தியில தண்ணி பாய்ச்சியாச்சா? ஏ பிள்ள, வரப்புல நிக்காத" என்றாள் கூரையைப் பார்த்து. கை ஒருமுறை வெட்டி இழுத்தது.

கண்ணாடி அறையில் அவளுடைய நிழல் எழுந்தது. உப்பின் கோடு மட்டும் சிவப்பாக, மேலே, மிக மேலே நின்றது. உடம்பில் உப்பு மிஞ்சிவிட்டது, மூளையிலிருந்து நீர் வற்றுகிறது, உப்பில்லாத சர்க்கரை நீரை உடனே ஏற்றவும் என்று நிழல் சொன்னது.

"சர்க்கரைத் தண்ணி பாட்டில் எடுங்க, சீக்கிரம்" என்று ரெங்கநாயகி நர்ஸிடம் சொல்லிவிட்டு அமலதாசன் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் வழக்கமான விளையாட்டு இல்லை. "உங்க மருந்துல ஏதாவது தங்கியிருக்குமா? மறைக்காமச் சொல்லுங்க. பழைய சண்டைக்காகக் கேக்கல."

"மருந்து நின்னு ரொம்ப நாளாச்சு."

"பின்ன இவ்வளவு உப்பு எங்கிருந்து வந்துச்சு?"

தன்னுடைய மருந்தாக இருந்தால் என்ன ஆகும் என்ற நினைப்பு அமலதாசனுக்குள் ஓடாமல் இல்லை. இந்த இணைந்த கூரை இரண்டாகப் பிளந்துவிடும். அவர் அந்த நினைப்பை அப்படியே விட்டுவிட்டுக் கட்டிலருகே போனார். சேர்மக்கனியின் கையை எடுத்தார். பட்டியைக் கழற்றினார்.

கண்ணாடி அறையில் நிழல் சட்டென்று சாம்பல் நிறமாகிக் கலைந்தது. எங்கோ ஒரு மணி கத்தியது.

"என்ன பண்றீங்க? இருக்கிற ஒரு கண்ணையும் மூடிட்டீங்களே!"

அமலதாசன் மூன்று விரல்களையும் மணிக்கட்டில் வைத்தார். நர்ஸ் பாட்டிலைத் தொங்கவிட்டுவிட்டு ஊசியோடு நின்றாள். ரெங்கநாயகி ஏதோ சொல்ல வாயெடுத்து, அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நாடி மெலிந்து, அலைந்து ஓடியது. அதிலிருந்து அவருக்குப் பெரிதாக ஒன்றும் புரிந்துவிடவில்லை. பின்னாளில் அதை அவரே ஒப்புக்கொண்டார். அவர் வெறுமனே காத்திருந்தார். அந்த மௌனம் கட்டிலைச் சுற்றிக் கெட்டியாகிக்கொண்டே போனது.

லிங்கதுரையால்தான் அதைத் தாங்க முடியவில்லை.

"வீட்டுச் சாப்பாட்டுல ருசியே செத்துப்போச்சுய்யா" என்றார். இந்த நேரத்தில் இதைச் சொல்கிறோமே என்ற கூச்சம் அவர் குரலில் இருந்தது. "எனக்கும் சேத்து உப்பில்லாமத்தான் பொங்குதா. நான் அளத்துக்குப் போயி ஒரு கல்லை எடுத்து வாயில போட்டுக்கிடுவேன். அவளுக்குத் தெரியாது."

அமலதாசன் தலையை நிமிர்த்தினார். "உப்பில்லாமலா? இன்னுமா?"

"நீங்கதான மறுபத்தியம் இருக்கச் சொன்னிய. அவா ஒரு சொல்லு மாறமாட்டா. தண்ணி மட்டும் குடம் குடமாக் குடிக்கா."

அமலதாசன் தன் விரல்களைப் பார்த்தார். மூன்று விரல் நுனியிலும் வெள்ளையாகப் பொடி ஒட்டியிருந்தது. சேர்மக்கனியின் மணிக்கட்டில் பட்டி இருந்த இடத்தைச் சுற்றி வளையல் போல வெள்ளை படிந்திருந்தது. அவர் ஒரு விரலை நாக்கில் வைத்தார்.

"பட்டியைக் கட்டும்போது கையைக் கழுவச் சொல்லியிருந்தோமே."

"தினம் கழுவத்தான் செய்தா. உப்புப் பாத்தித் தண்ணியிலதான் நாங்க எல்லாரும் கழுவுவோம்."

அமலதாசன் எழுந்து நின்றார். "டாக்டர், அந்த ஊசியைப் போட வேண்டாம். நிழல் படிச்சது அவங்க வேர்வை இல்லை. அவங்க அளம். வெளியிலதான் உப்பு. உள்ள ஒரு கல் உப்புகூட இல்லை."

ரெங்கநாயகி வாய்விட்டே கணக்குப் போட்டார். "சாப்பாட்டுல உப்பில்லை. வெயில்ல வேர்வையா ஒரு பக்கம் போகுது. என் மாத்திரை ஒரு பக்கம் பிடிச்சு வெளியே தள்ளுது. அதுக்கு மேல குடம் குடமாத் தண்ணி." அவர் நர்ஸின் கையிலிருந்த ஊசியைப் பார்த்தார். "அதுக்கும் மேல இதை நான் ஏத்தியிருந்தேன்னா..."

நர்ஸ் பக்கம் திரும்பினார். "ஆம்புலன்ஸ்ல ரத்தம் பார்க்கிற கைமிஷின் இருக்குமே, விபத்துக்குன்னு வச்சிருக்கிறது. ஓடுங்க!"

ஒரு துளி ரத்தம் போதுமானதாக இருந்தது. அந்தப் பழைய சின்ன மிஷினின் திரையில் வந்த எண்ணைப் பார்த்து ரெங்கநாயகி கண்ணை மூடித் திறந்தார். அவ்வளவு குறைந்த உப்போடு அவர் யாரையும் உயிரோடு பார்த்ததில்லை.

அதன் பிறகு அறை அவருடையதாயிற்று. அடர்ந்த உப்பு நீர் பாட்டிலை மாட்டினார். "வேகமா ஏத்தினா மூளையில போய் வேற கேடு வந்துரும். மெல்ல, சொட்டுச் சொட்டா. நான் சொல்லாம யாரும் இந்தக் குழாயைத் தொடக்கூடாது" என்றார். அமலதாசன் ஒதுங்கி நின்று அவருடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வேகத்துக்குள்ளே இருந்த நிதானம் அவருக்குப் பிடித்திருந்தது.

சொட்டு இறங்கத் தொடங்கியதும் சேர்மக்கனி கண்ணைத் திறந்தாள். குழாயைப் பார்த்தாள்.

"இது என்னது?"

"உப்புத் தண்ணிதாம்மா, ஒண்ணும் பயப்படாதிய" என்றாள் நர்ஸ்.

அடுத்த கணம் சேர்மக்கனி ஊசியைப் பிடுங்கி எறிந்தாள். தான் யார், எங்கே இருக்கிறோம் என்பதெல்லாம் மறந்துபோன அந்த நிலையிலும் ஒன்று மட்டும் அவளுக்கு மறக்கவில்லை. "பத்தியம்! பத்தியத்தைக் கெடுக்கப் பாக்கிய! எந்த அளத்துக்காரிட்டி நீ?"

நர்ஸ் ஒரு பக்கமும் ரெங்கநாயகி ஒரு பக்கமும் பிடித்தார்கள். உப்பு வாரி வாரி இறுகிய கைகள் இருவரையும் உதறிவிட்டன. ரத்தம் விரிப்பில் சொட்டியது. லிங்கதுரை, "ஏளா கனி, சொன்னாக் கேளு" என்று கெஞ்சினார். அவரை அவளுக்கு அடையாளமே தெரியவில்லை.

"மயக்க மருந்து கொடுத்தா?" என்றார் அமலதாசன்.

"மூளை வீங்கியிருக்கு. மூச்சு நின்னுபோகும். நினைவு தெளியுதா இல்லையான்னு எனக்கும் தெரியாமப் போயிரும்." ரெங்கநாயகிக்கு மூச்சு வாங்கியது. "சித்தரே, இது உங்க பத்தியம். நீங்கதான் எடுக்கணும்."

பத்தியத்தை வைத்தவர்தான் முறிக்க வேண்டும். அது உண்மை. எண்ணெய் தேய்த்துத் தலை முழுகி, குறிப்பிட்ட உணவுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து முறிப்பதுதான் முறை. அதற்கெல்லாம் நேரமில்லை. நான் வைத்த பத்தியத்தை ஒருத்தி உயிரை விட்டாவது காப்பாற்றுவாள் என்று நான் ஏன் நம்பவேயில்லை என்று அமலதாசன் நினைத்தார். அந்த நினைப்பு அவரைச் சுட்டது.

சமையலறையிலிருந்து உப்பு கொண்டுவரச் சொன்னார். கட்டிலருகே முழங்காலிட்டார். சேர்மக்கனியின் கையைப் பிடிக்கவில்லை, அவள் கண்களுக்கு நேராகத் தன் முகம் வரும்படி இருந்தார். ஒரு சிட்டிகை உப்பை எடுத்து அவள் பார்க்கத் தன் நாக்கில் வைத்துக்கொண்டார். பேசாமல் இருந்தார். அவளுடைய கை உதறுவது மெல்லக் குறைந்தது. யாரோ தன்னைப் பார்க்கிறார்கள் என்பது அவளுக்குள் எங்கோ போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது.

"நான் யாரு?" என்றார்.

அவள் வெகுநேரம் பார்த்தாள். "பத்தியம் வச்ச ஐயா."

"நான் வச்சதை நானே முறிச்சிட்டேன். பாத்தியளா, நானும் சாப்பிட்டேன். நீங்க ஒண்ணும் கெடுக்கலை. சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டிய."

"முழுசா இருந்தனா?"

"முழுசா இருந்திய. உங்களை மாதிரி யாரும் இருந்ததில்லை."

அவள் வாயைத் திறந்தாள். அவர் அந்த நாக்கின் நுனியில் உப்பை வைத்தார். ரெங்கநாயகி மறு கையில் ஊசியை ஏற்றியபோது அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பாட்டில் அன்று பகல் முழுக்கச் சொட்டியது. ரெங்கநாயகி கட்டிலின் ஒரு பக்கமும் அமலதாசன் மறு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். இடையிடையே கைமிஷினில் எண் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. லிங்கதுரை இருவருக்கும் டீ வாங்கிவந்து கொடுத்துவிட்டு மறுபடியும் காலடியில் போய் உட்கார்ந்துகொண்டார். அந்தப் பகலில் தனக்குப் பேசத் தோன்றவே இல்லை என்று ரெங்கநாயகி பிறகு ஆச்சரியத்தோடு சொன்னார்.

மறுநாள் காலையில் உப்புப் போட்ட நொய்க் கஞ்சி வந்தது. சேர்மக்கனி தானே எழுந்து உட்கார்ந்து ஒரு வாய் குடித்தாள். முகத்தைச் சுளித்தாள். எல்லோரும் பதறி எழுந்தார்கள்.

"இது எவன் அளத்து உப்பு?" என்றாள். "ஒரே கசப்பு. சரியாக் காயவிடாம வாரியிருக்கான். ஏங்க, நம்ம அளத்துல ஒரு மூட்டை கொண்டாந்து இவிய சமையக்கட்டுல போடுங்க. ஆசுபத்திரியா நடத்துதாவ?"

லிங்கதுரை எழுந்து வெளியே போய்த் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதார். ரெங்கநாயகி சிரித்தார், அவர் சிரிப்பு அந்தக் கூடத்தைத் தாண்டி வாசல் வரை கேட்டது. அமலதாசனும் சிரித்தார். சத்தமாக. இந்தக் கதையை எனக்குச் சொன்ன மூன்று பேரும் அதைத் தனித்தனியாகச் சொன்னார்கள்.

நிழலைச் செய்தவர்கள் விஷயத்தைக் கேள்விப்பட்டு வந்தார்கள். நல்ல பிள்ளைகள், உண்மையிலேயே வருத்தப்பட்டார்கள். வேர்வையையும் வெளி உப்பையும் பிரித்துக் காட்டும் பட்டி செய்து தருவதாகச் சொன்னார்கள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தைத் திறக்கச் சொல்லி அவர்களே எழுதியும் கொடுத்தார்கள்.

"இன்னும் என்ன கருவி சேர்க்கணும் மேடம்? சொல்லுங்க."

"ஒரு நாற்காலி" என்றார் ரெங்கநாயகி. "இந்தக் கண்ணாடி அறைக்குள்ள, நிழலுக்கு எதிர்த்தாப்புல. நோயாளி உட்கார. எங்களுக்கும் ரெண்டு போடுங்க. நாங்க ஒரு கேள்வி கேட்போம். அப்புறம் பேசாம இருப்போம். அவங்க பதில் சொல்ற வரைக்கும் உங்க நிழல் மருந்தைத் தொடக்கூடாது. அப்படிப் பூட்டு போட முடியுமா?"

"என்ன கேள்வி?"

அவர் அமலதாசனைப் பார்த்தார். அமலதாசன் யோசித்துச் சொன்னார்: "எங்க ரெண்டு பேர்கிட்டயும் சொல்லாம என்ன வச்சிருக்கீங்க?"

நாற்காலிகள் வந்த அன்று, நோயாளிகள் வருவதற்கு முன், ஒருமுறை ஒத்திகை பார்த்துவிடலாம் என்றார் ரெங்கநாயகி. அமலதாசனை நோயாளி நாற்காலியில் உட்காரவைத்தார். கேள்வியைக் கேட்டார். பிறகு, அவரைப் பொறுத்தவரை பெரிய தவமாக, வாயை மூடிக்கொண்டார்.

அமலதாசன் கண்ணாடியைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். வெளியே அளத்தில் யாரோ யாரையோ கூப்பிடும் சத்தம் கேட்டு அடங்கியது. இதைச் சொல்லாமல் எழுந்துவிடலாம் என்றுதான் அவர் முதலில் நினைத்தார்.

"தூக்கத்துக்கு மாத்திரை சாப்பிடறேன்" என்றார். "உங்க மருந்துதான். வெளியூர்ல எழுதி வாங்குறது. ரொம்ப வருஷமா. இழுப்பறையில இருக்கு."

ரெங்கநாயகியின் முகம் முதலில் இளகியது. பிறகு அதில் ஒரு வெட்கம் வந்தது. அவர் குனிந்து சேலையைக் கணுக்காலுக்கு மேல் கொஞ்சம் தூக்கினார். முழங்காலிலிருந்து எண்ணெய் வாசனை வந்தது. அமலதாசனுக்கு அது நன்றாகத் தெரிந்த வாசனை. அவருடைய மருந்தறையில் அவரே காய்ச்சிய தைலம்.

"உங்க மருந்தறைப் பொண்ணுகிட்ட வாங்கினேன். அம்மாவுக்குன்னு சொல்லி" என்றார். "போன மழைக்காலத்துலேர்ந்து. நல்லாக் கேக்குது, சித்தரே."

பூட்டு திறந்து கண்ணாடி அறையில் அன்றைய முதல் நிழல் எழுந்து நின்றது. வாசலில் முதல் நோயாளி செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

சேர்மக்கனி இன்னும் அதே அளத்தில் கங்காணியாக இருக்கிறாள். தோல் சுத்தமாக இருக்கிறது, பிரஷருக்கு வேறு மாத்திரை சாப்பிடுகிறாள், கையை நல்ல தண்ணீரில் கழுவுகிறாள். லிங்கதுரை இப்போது வீட்டிலேயே உப்புப் போட்டுச் சாப்பிடுகிறார். நாற்காலியும் கேள்வியும் மற்ற இணை மருத்துவமனைகளுக்கும் போயின. சுவர் வாசகத்தின் மேல் வெள்ளையடித்துவிட்டார்கள். ரெங்கநாயகி தைலத்தைத் தன் பேரிலேயே வாங்குகிறார். அவர் பார்த்துப் பார்த்துக் குறைத்ததில் அமலதாசன் மாத்திரையை விட்டுவிட்டார். அதற்குப் பின்னும் நெடுநாள் ரெங்கநாயகி சொன்னபடி அவர் மறுபத்தியம் இருந்தார். இப்போது தூங்குகிறார்.